நடுத்தர விலையில் கேமிங் கிராபிக்ஸ் கார்டு: கொடுக்கும் காசுக்கு எது தேறும்?

முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று இறங்கினால் முதல் நாளே தலை சுற்றிவிடும். யூடியூபில் ஒருவர் ஒன்றைச் சொல்வார். கடைக்குப் போனால் வேறொன்றை எடுத்து நீட்டுவார்கள். ஆன்லைனில் ஒரே பெயரில் வரிசையாகப் பல கார்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. தம்பியின் கம்ப்யூட்டருக்காக அலைந்து இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டேன். எந்த வரிசையில் பார்த்திருந்தால் அலைச்சல் பாதியாகியிருக்குமோ, அந்த வரிசையில் எழுதுகிறேன். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கார்டு வாங்கலாம் என்ற கேள்வியில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதில் ஆரம்பியுங்கள்.

1. மானிட்டரைப் பாருங்கள்

திரையில் எத்தனை புள்ளிகளை வரைய வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் கார்டுக்கு வேலை. 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440 திரையில் 36.9 லட்சம், அதாவது முக்கால் பங்குக்கு மேல் கூடுதல். 4கே திரையில் 83 லட்சம். 1080பி (1920×1080), வினாடிக்கு 60 முறை படம் மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாற்றும் எண்ணம் இல்லை என்றால், நாற்பதாயிரம் ரூபாய் கார்டின் பாதித் திறமை வீணாகத்தான் போகும். அந்த நிலையில் கார்டில் பத்தாயிரத்தைக் குறைத்து, அந்தப் பணத்தில் 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ உள்ள மானிட்டர் வாங்குவதே நல்லது.

அப்புறம், நீங்கள் உண்மையில் விளையாடும் கேம்கள் நான்கைந்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்றவை பெரும்பாலும் பிராசசரை நம்பி ஓடுபவை. பெரிய கதை கேம்கள்தான் கார்டைப் பிழிந்தெடுக்கும். இந்தப் பட்டியல் ஐந்தாவது படியில் வேண்டும்.

2. பிராசசர், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ்: மூன்றையும் சரிபாருங்கள்

நம் ஊரில் பலர் உள்ளேயே கிராபிக்ஸ் வசதி கொண்ட ரைசன் 5 5600ஜி பிராசசரைப் போட்டு, 'கார்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்' என்று விட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 5600ஜி பிராசசர், கார்டைச் செருகும் இணைப்பான பிசிஐஇ-யின் பழைய 3.0 பதிப்பை மட்டுமே தரும், மதர்போர்டு பி550-ஆக இருந்தாலும் அப்படித்தான். அதன் எல்3 கேஷும் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 16 எம்பிதான். 'ஜி' இல்லாத 5600-இல் 32 எம்பி. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 ஆகிய கார்டுகள் அந்த இணைப்பில் எட்டு லேன் (தரவு ஓடும் தடம்) மட்டும் பயன்படுத்துபவை. பழைய பிசிஐஇ 3.0-இல் போட்டால் கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள பாதை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடும். கார்டின் மெமரி நிரம்பாதவரை பெரிய வித்தியாசம் தெரியாது. நிரம்பிவிட்டால் நன்றாகவே தெரியும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு லேன் பயன்படுத்துவதால் பழைய போர்டுக்காரர்களுக்கு அது கொஞ்சம் பாதுகாப்பான தேர்வு.

இன்டெல் ஆர்க் பி580-க்கு இன்னொரு நிபந்தனை உண்டு. ரீசைசபிள் பார் என்ற வசதி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக விடுவது) பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு) இயங்காவிட்டால் அதை வாங்கவே கூடாது. ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசசரோடு அது ரொம்பவே தடுமாறும். 12 ஜிபி மெமரியோடு விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பழைய கம்ப்யூட்டருக்கு அதை எடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஏற்கெனவே ஏதோ ஒரு கார்டு இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. கேமின் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம், என்ற எண்) ஏறவே இல்லை என்றால் பிராசசர்தான் இழுத்துப் பிடிக்கிறது. புதுக் கார்டு போட்டாலும் அந்த எண் அப்படியேதான் நிற்கும்.

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) விஷயத்தில் சோம்பல் வேண்டாம். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருப்பதை விடுங்கள். '12 வோல்ட்' என்ற பத்தியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்று இருந்தால் 216 வாட்தான் கிடைக்கும். பிராசசருக்கும் கார்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான். கேபினெட்டோடு இலவசமாக வரும் பல எஸ்எம்பிஎஸ்களின் கதை இதுதான். ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு உச்சத்தில் 145 வாட், 5060 டிஐ 180 வாட் எடுக்கும். என்விடியா அவற்றுக்குப் பரிந்துரைப்பது முறையே 550, 600 வாட் எஸ்எம்பிஎஸ். கார்டுக்கு மின்சாரம் தரும் பிசிஐஇ எட்டு பின் வயர் இல்லை என்றால் மோலெக்ஸ் என்ற பழைய வகை வயரில் அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். வயர் உருகுவது அங்கேதான். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்கிறது. பாதுகாப்புக்கு அது சான்று இல்லை.

கேபினெட்டுக்குள் கார்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் நீளம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். மூன்று ஃபேன் கார்டுகள் 300 மில்லிமீட்டரைத் தாண்டும்.

3. மெமரி: 8 ஜிபி-யா, 16 ஜிபி-யா

இந்த விலையில் எடுக்க வேண்டிய முடிவுகளில் இதுதான் பெரியது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 2025 ஏப்ரலில் வந்தபோது 8 ஜிபி 379 டாலர், 16 ஜிபி 429 டாலர். அதே ஆண்டு ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 8 ஜிபி 299, 16 ஜிபி 349. இரண்டிலும் 50 டாலர்தான் வித்தியாசம். சிப்பு ஒன்றுதான். அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் எதற்கு?

கேமின் படத் தரவு கார்டின் மெமரிக்குள் அடங்காவிட்டால், மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். அது மெதுவான பாதை. கேமில் இது எப்படித் தெரியும் என்றால், நேராக ஓடும்போது சரியாக இருக்கும். திரும்பிய கணத்தில் ஒரு வெட்டு விழும். அல்லது கிட்டப் போய் நின்றாலும் சுவரில் இருக்கும் எழுத்து மங்கலாகவே இருந்து, சில வினாடி கழித்துத் தெளியும். இந்த இரண்டாவது வகை மோசமானது, ஏனென்றால் எஃப்பிஎஸ் எண்ணில் அது தெரியாது. கேம் தானாகவே படத் தரத்தைக் குறைத்துக்கொண்டு எண்ணைக் காப்பாற்றிவிடும். விமர்சன வரைபடத்தில் 8 ஜிபியும் 16 ஜிபியும் ஒரே உயரத்தில் நிற்பதைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) மெமரியைத் தின்னும். ஃபிரேம் ஜெனரேஷனும் (இடையிடையே கார்டு தானே ஃபிரேம்களை உருவாக்கிச் செருகுவது) தின்னும். இதில் கொடுமை என்னவென்றால், விளம்பரத்தில் முன்னால் நிறுத்தும் வசதிகளைப் போட்டால்தான் 8 ஜிபி கார்டு முதலில் மூச்சு வாங்கும். ரே டிரேசிங் வன்பொருள் இல்லாமல் திறக்கவே திறக்காத கேம்களும் வந்துவிட்டன. 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அப்படிப்பட்டது.

என் கருத்து இது. 1080பி-இல் போட்டி கேம்கள் மட்டும் ஆடுபவருக்கு, விலை முப்பதாயிரத்துக்குள் இருந்தால் 8 ஜிபி போதும். அதற்கு மேல் காசு கொடுக்கிறவர்கள் 8 ஜிபியைத் தொடாதீர்கள். நான்கைந்து வருடம் ஓட வேண்டிய பொருள். பின்னாளில் ராம் மாதிரி இதில் மெமரி சேர்க்க முடியாது.

மெமரி அதிகம் என்பதற்காக மட்டும் எதையும் வாங்கிவிடவும் வேண்டாம். 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி இருக்கிறது. ஆனாலும் 8 ஜிபிக்குள் அடங்கும் கேம்களில் 4060 அதை முந்திவிடும்.

4. ஒரே பெயர், வேறு சரக்கு

கொட்டேஷனில் வெறும் '5060 டிஐ' என்று எழுதிக் கொடுத்தால் எத்தனை ஜிபி என்று எழுதச் சொல்லுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் விலை குறைவாக இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கும் கொட்டேஷன் பெரும்பாலும் 8 ஜிபிக்கானதாகத்தான் இருக்கும்.

ஆர்டிஎக்ஸ் 3060 என்ற பெயரில் 12 ஜிபி, 8 ஜிபி என இரண்டு உண்டு. 8 ஜிபி கார்டில் மெமரி பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகியது. ஆர்டிஎக்ஸ் 3050-இல் 6 ஜிபி என்று வருவது 8 ஜிபி-யின் தம்பி இல்லை, கோர்களே குறைந்த வேறு கார்டு. ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்று விற்பது உண்மையில் 570-க்குச் சமம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு லேன்தான் பயன்படுத்தும், கேமை வீடியோவாகப் பதிவு செய்ய உதவும் என்கோடரும் அதில் கிடையாது. ஆன்லைனில் பெயர் தெரியாத பிராண்டில், பெயருக்குப் பின்னால் 'எம்' சேர்த்து மலிவாக வருபவை லேப்டாப் சிப்பை எடுத்து டெஸ்க்டாப் போர்டில் ஒட்டியவை. அவற்றுக்கு நம் ஊரில் வாரண்டி என்று ஒன்று கிடையாது.

5. ஒரு ஃபிரேமுக்கு எத்தனை ரூபாய்?

முதல் படியில் எழுதிய கேம் பட்டியலை எடுங்கள். குறைந்தது இரண்டு மூன்று தனித்தனி விமர்சனங்களில், உங்கள் ரெசல்யூஷனில், ஃபிரேம் ஜெனரேஷன் போடாமல் கிடைத்த எஃப்பிஎஸ்களைக் குறித்துக்கொண்டு சராசரி எடுங்கள். விலையை அதால் வகுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு:

முதல் கார்டு 28,000 ரூபாய், சராசரி 70 எஃப்பிஎஸ். ஒரு ஃபிரேமுக்கு 400 ரூபாய்.
இரண்டாவது 36,000 ரூபாய், 90 எஃப்பிஎஸ். இதுவும் 400 ரூபாய்.

இரண்டும் சமம் என்று தோன்றும். ஆனால் இரண்டாவதற்கு 5,000 ரூபாயில் புது எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்றால் அது 41,000; ஒரு ஃபிரேம் சுமார் 456 ரூபாய். இன்னொன்றையும் பாருங்கள். முதல் கார்டின் அதே சிப்பு, மூன்று ஃபேன், விளக்கு, உலோக முதுகுத் தகடு எல்லாம் சேர்த்து 32,500 ரூபாய். கூடுதலாகக் கிடைப்பது 2 எஃப்பிஎஸ். அந்த இரண்டு ஃபிரேமுக்குத் தலா 2,250 ரூபாய் கொடுக்கிறீர்கள். சிப்பு ஒன்றாக இருக்கும்போது ஃபேக்டரி ஓவர்கிளாக் (தொழிற்சாலையிலேயே வேகத்தைக் கூட்டி விடுவது) தரும் லாபம் பொதுவாக இவ்வளவுதான். 8 ஜிபி கார்டின் ஆடம்பர மாடலும் 16 ஜிபி-யின் சாதாரண மாடலும் ஒரே விலைக்கு வருவது அடிக்கடி நடக்கும். கண்ணை மூடிக்கொண்டு 16 ஜிபி-யை எடுங்கள். சாதாரண மாடலிலும் இரண்டு ஃபேன், நல்ல ஹீட்சிங்க் இருந்தால் 150 முதல் 180 வாட் வரை சென்னை மே மாதத்திலும் தாங்கும், கேபினெட்டில் காற்று போய்வர வழி இருந்தால்.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், '1 சதவீத லோ' எண்ணையும் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) பாருங்கள். சராசரி 90-ஆக இருந்து லோ 35 என்றால், கையில் உணர்வது அந்த 35-ஐத்தான்.

விமர்சகர்கள் பெரும்பாலும் ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற உச்சப் பிராசசரில்தான் சோதிப்பார்கள். கார்டுகளை மட்டும் ஒப்பிட அதுதான் சரியான முறை. ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் அதே எண் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஃபிரேம் ஜெனரேஷனை ஏன் விடச் சொன்னேன் என்றால், 2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, 1,599 டாலர் 4090-இன் வேகத்தைத் தரும் என்று என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் அறிவித்தார். இடையிடையே கார்டு தானே உருவாக்கிச் செருகும் ஃபிரேம்களைச் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. 30 எஃப்பிஎஸ்ஸில் ஓடும் கேமை 120-ஆகக் காட்டினாலும், மவுஸை அசைத்ததற்குத் திரை பதில் சொல்லும் வேகம் 30-ஐத் தாண்டாது. 60-க்கு மேல் ஏற்கெனவே ஓடும் கேமில் அது நல்ல வசதி. மெதுவான கார்டைக் காப்பாற்ற அது உதவாது. டிஎல்எஸ்எஸ் (என்விடியா), எஃப்எஸ்ஆர் (ஏஎம்டி) அப்ஸ்கேலிங், அதாவது சிறிய அளவில் வரைந்து பெரிதாக்குவது, வேறு கதை. அதனால் கிடைக்கும் வேகம் உண்மையானது. அதில் என்விடியாவுக்கு ஒரு பலம் உண்டு: டிஎல்எஸ்எஸ் இருக்கும் கேம்கள் அதிகம். நீங்கள் எழுதிய பட்டியலில் எத்தனை கேம் எதை ஆதரிக்கிறது என்று பார்த்துவிட்டு, விலை வித்தியாசம் நியாயமா என்று முடிவு செய்யுங்கள்.

6. கையிலிருந்து போகும் மொத்தப் பணம்

அமெரிக்க விலையில் வரி சேர்ந்திருக்காது. 349 டாலரை, டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 30,712. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 36,240 ரூபாய். இறக்குமதியாளர், கடைக்காரர் லாபம் அதற்கும் மேலே. ஆகவே இந்தக் கணக்கை ஒட்டி விலை இருந்தால் அது நியாயமான விலை. நாலைந்தாயிரத்துக்கு மேல் தள்ளிப் போனால் வேறு பிராண்டைப் பாருங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறு எங்கோ போனில் விலை கேட்கும்போது 'ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும். ஒரு கடையில் எனக்குப் போனில் சொன்ன விலைக்கும் பில் போடும்போது கேட்ட விலைக்கும் நடுவில் இருந்தது அந்த 18 சதவீதம்தான். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாரண்டிக்குப் போய் நிற்கும் நாளில் அந்த மிச்சம் உதவாது.

வட்டியில்லா இஎம்ஐயிலும் செலவு இருக்கிறது. வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, வங்கி வட்டி போடும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில். வட்டி 2,000 என்றால் வரி மட்டும் 360 ரூபாய்.

கரண்ட் பில்லைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 50 வாட் கூடுதலாக எடுக்கும் கார்டில் தினம் நான்கு மணி நேரம் ஆடினால் மாதம் 6 யூனிட். இரண்டு மாத பில்லில் 12 யூனிட். ஸ்லாப் மாறும் விளிம்பில் இருக்கும் வீடு தவிர மற்றவர்கள் இதற்காகக் கார்டை மாற்ற வேண்டியதில்லை.

7. எப்போது வாங்குவது

புதுக் கார்டு வந்த முதல் சில வாரங்களில் வாங்காதீர்கள். சரக்கு குறைவு, விலை அதிகம். நவராத்திரி, தீபாவளியை ஒட்டிய ஆன்லைன் விற்பனையில் வங்கி அட்டைத் தள்ளுபடி உண்மையாகவே உதவும். ஆனால் விற்பனைக்கு முந்தைய மாத விலையைக் குறித்து வைத்திருந்தால்தான் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். 2025 கடைசியிலிருந்து மெமரி சிப்பு விலை கடுமையாக ஏறிவிட்டதால், காத்திருந்தால் குறையும் என்ற பழைய நம்பிக்கை இப்போது செல்லாது. உங்கள் கணக்குக்கு ஒத்து வரும் விலை கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள்.

8. பழைய கார்டு வாங்குவதாக இருந்தால்

எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கான மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபோது மைனிங்கில் ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அந்தத் தலைமுறைக் கார்டுகள் இன்னும் கை மாறுகின்றன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, ஆனால் ஃபேனும் தெர்மல் பேஸ்டும் தேய்ந்திருக்கும். விற்பவர் வீட்டில், ஓடும் நிலையில் மட்டுமே பாருங்கள். ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து கோர் எண்ணிக்கையும் மெமரியும் சரிதானா என்று பாருங்கள்; பயாஸை மாற்றிய போலிக் கார்டுகளில் பலவற்றை அதுவே காட்டிக்கொடுக்கும். கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளையோ கனமான ஒரு கேமையோ இருபது நிமிடம் ஓடவிட்டு வெப்பத்தையும் திரையில் புள்ளி, கோடு வருகிறதா என்பதையும் கவனியுங்கள். அசல் பில் இல்லை, வாரண்டியும் முடிந்துவிட்டது என்றால் புதுக் கார்டின் பாதி விலைக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன்.

9. வாங்கும் நாளில்

பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் இருக்கும். கார்டின் முதுகிலும் அதே ஸ்டிக்கர் இருக்கும். பில்லிலும் அதே நம்பர் இருக்க வேண்டும். மூன்றையும் கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பில்லைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். பில்லில் மாடலின் முழுப் பெயர், ஜிபி, உங்கள் பெயர், கடையின் ஜிஎஸ்டி எண் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். அந்த பிராண்டின் இந்திய வாரண்டி எத்தனை வருடம், எந்தத் தேதியிலிருந்து, சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் உண்டா அல்லது கூரியர்தானா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். சில பிராண்டுகளில் வாங்கிய சில வாரங்களுக்குள் இணையத்தில் பதிவு செய்தால் கூடுதல் வருடங்கள் கிடைக்கும். தேதி தாண்டினால் கிடைக்காது.

ஆன்லைனில் வாங்கினால், கூரியர் ஸ்டிக்கரில் தொடங்கி கார்டின் சீரியல் நம்பர் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். நடுவில் வெட்டிய வீடியோவை ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

10. பொருத்திய முதல் வாரம்

மானிட்டர் வயரை மதர்போர்டில் குத்தாமல் கார்டில் குத்துங்கள். புதிதாகப் போடுபவர்களில் பலர், கார்டு வேலை செய்யவில்லை என்று புலம்புவது இதனால்தான். முடிந்தால் டிஸ்பிளேபோர்ட் வயர் பயன்படுத்துங்கள். விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் ரெஃப்ரெஷ் ரேட் 60-இல் நிற்கிறதா என்று பார்த்து உங்கள் மானிட்டரின் உச்சத்துக்கு மாற்றுங்கள். என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ அல்லது தலைகீழாகவோ மாறினால், பழைய டிரைவரை டிடியு மென்பொருளால் முழுக்க நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். பயாஸில் 'அபவ் 4ஜி டிகோடிங்', 'ரீசைசபிள் பார்' இரண்டையும் இயக்குங்கள்.

மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் ஏழு நாள்தான். அதற்குள் உங்கள் பட்டியலில் உள்ள எல்லா கேமையும் மணிக்கணக்கில் ஓட்டிப் பாருங்கள். திரை கருத்துப்போவது, கம்ப்யூட்டர் தானாக அணைவது, ஃபேன் உரசும் சத்தம் எதுவானாலும் வீடியோ எடுத்து அன்றே கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள். ஏழு நாள் கடந்தால் சர்வீஸ் சென்டரைத்தான் பார்க்க வேண்டும், புதுசுக்குப் பதில் பழுதுபார்த்த கார்டு கையில் வரலாம். கடையும் நிறுவனமும் மாறி மாறிக் கைகாட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யுங்கள். பில்லும் நீங்கள் எழுதிய செய்திகளும் அங்கே தேவைப்படும். தெர்மல் பேப்பரில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், ஆகவே வாங்கிய அன்றே படம் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள்.